அந்தச் சிறுவன் வளர்ந்த பின்

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் நாம் மலையுச்சிக்கு அழைத்துச் செல்லப்படுகிறோம். ஆண்டவரின் முகம் ஒளிர்வதையும் ஆடை வெளுப்பதையும் கேட்டு மகிழ்கிறோம். ஆனால், மலையைவிட்டு இறங்கியதும் அடிவாரத்தில் நடந்ததை மாற்கு 9ஆம் அதிகாரத்தில் விரித்துரைப்பதை ஞாயிறு வழிபாட்டில் நாம் கேட்பதே இல்லை. ஞாயிறு வாசகச் சுழற்சி அப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. பொதுக்காலம் ஏழாம் வாரத் திங்களன்று காலைத் திருப்பலிக்கு வரும் பத்துப் பன்னிரண்டு பேர் காதில் மட்டுமே அது விழுகிறது. கேட்டவர்க்கும் செபமும் நம்பிக்கையும் பற்றிய மறையுரையே கிடைக்கிறது.

அடிவாரத்தில் ஒரு தந்தை நிற்கிறார். அவருடைய மகன் கீழே விழுகிறான். வாயில் நுரை தள்ளுகிறது. பல்லை நறநறவென்று கடித்து உடல் விறைத்துப்போகிறான். நெருப்பிலும் விழுந்திருக்கிறான், நீரிலும் விழுந்திருக்கிறான். சீடர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. மறைநூல் அறிஞரோ சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருக்கின்றனர். ஆண்டவர் உடனே குணமாக்கிவிடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்கிறார். இது வந்து எவ்வளவு காலமாயிற்று என்பதே அக்கேள்வி. நல்ல மருத்துவர் எவரும் முதலில் கேட்பதும் அதுவே. சிறு வயது முதல் என்கிறார் தந்தை. இறுதியில் ஆண்டவர் சிறுவனின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். லூக்கா ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறார்: ஆண்டவர் அவனைத் தந்தையிடம் ஒப்படைத்தார்.

அத்தோடு கதை நின்றுவிடுகிறது. நம்முடைய வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. இன்று நம்மிடையே அத்தகைய சிறுவர் எத்தனையோ பேர். அவர்களுக்கு மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், தந்தையும் தாயும் இருக்கின்றனர். அவர்கள் வளர்ந்து தந்தையின் கையிலிருந்து இறங்கும்போது யார் கைக்கு மாறுகின்றனர்?

மத்தேயு இந்நோயைக் குறிக்க நிலவோடு தொடர்புடைய கிரேக்கச் சொல்லையே ஆளுகிறார். சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் விவிலியமும் அதைப் பின்பற்றிச் ‘சந்திரரோகி’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘வலிப்பு நோய்’ என்று தெளிவாக எழுதிவிட்டது. ஏட்டில் சொல் மாறியது. நம் வீடுகளில் இன்னும் நிலவும், பேயும், முன்னோர் சாபமும், கையில் திணிக்கும் சாவிக்கொத்துமே ஆட்சி செய்கின்றன. கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே, இந்நோய் பிற நோய்களைவிட எவ்வகையிலும் தெய்வீகமானதன்று என்று இப்போக்கிரட்டீசு மரபைச் சேர்ந்த மருத்துவர்கள் எழுதிவைத்துவிட்டனர். இருபத்து நான்கு நூற்றாண்டுகள் ஆகியும் அச்செய்தி நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

மதுரை மாநகரிலும் அதைச் சூழ்ந்த உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டிச் சமவெளிகளிலும் வலிப்பு நோயுள்ள பிள்ளையின் வாழ்வு எப்படிச் செல்கிறது என்பதைப் பங்குப் பணியில் இருப்போர் நன்கறிவர். முதல் வலிப்பு வந்த அன்று தாய் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறாள். பிறகு பழகிக்கொள்கிறாள். மாதந்தோறும் பேருந்தேறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாள். மஞ்சள் பையில் சீட்டுகளையும் மூளை வரைபடத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறாள். எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை இரவில் என்பது அவளுக்கு மனப்பாடம். குழந்தை மருத்துவர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையைத் தென்மாவட்டங்கள் பலவும் நம்பியிருக்கின்றன. நரம்பியல் துறை அங்கே உண்டு; மாத்திரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றை நன்றியோடு சொல்லியாக வேண்டும்.

ஆனால் பிள்ளை வளர்கிறான். நம் நாட்டின் பல மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவின் வாயில் 12 வயதோடு மூடிக்கொள்கிறது. பதினெட்டு வயது வரை குழந்தை மருத்துவரின் பொறுப்பே என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் வலியுறுத்தி வந்தும், சீட்டு எழுதும் சாளரத்தில் வழக்கமே வெல்கிறது. சட்டம் அவனை 18 வயது வரை சிறுவன் என்கிறது. மருத்துவமனையோ 13 வயதிலேயே ஆண்கள் வரிசையில் போய் நில் என்கிறது. 2013இல் நடுவண் அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவஸ்த்ய காரியக்ரம் என்னும் சிறார் நலவாழ்வுத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வேண்டிய 30 குறைபாடுகளுள் வலிப்பு நோயையும் சேர்த்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பதினெட்டு நிறைந்த மறுநாள் அப்பிள்ளை அத்திட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறான். நோய்க்குப் பிறந்தநாள் தெரியாது.

புதிய கட்டடம், புதிய வரிசை, புதிய மருத்துவர். அவர் எதிரே நூறு பேர் காத்திருக்கின்றனர். ஒருவருக்குச் சில நிமிடங்களே. பத்தாண்டுக் கதை அந்தச் சில நிமிடங்களுக்குள் சொல்லப்பட வேண்டும். சொல்ல வேண்டியவனுக்கோ தன் மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது. ‘வெள்ளை மாத்திரை, பாதியாக உடைத்துப் போடுவது’ என்கிறான். ஏனெனில் அதுவரை அவனிடம் எவரும் எதையும் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் தாயிடம். அடுத்த மாதம் அவன் போகவில்லை. அதற்கடுத்த மாதம் தாய் தனியே போய் மாத்திரை வாங்கி வருகிறாள். பிறகு அவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விடுகிறான். அங்கே இரவுப்பணி, எட்டுப் பேர் தங்கும் அறை. மற்றவர் முன் மாத்திரை போட்டால் என்ன நோய் என்று கேட்பார்களே! மாத்திரை நின்றுவிடுகிறது. தூக்கமும் கெடுகிறது. ஒருநாள் தொலைபேசி வருகிறது.

‘வயது வந்தால் சரியாகிவிடும்’ என்பது நம் ஊர் வழக்கு. இது முழுப் பொய்யாக இருந்தால் இதை எதிர்ப்பது எளிது. பாதி உண்மையாக இருப்பதே இதன் கேடு. தூக்கத்தில் முகமும் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் ஒருவகைச் சிறார் வலிப்பு, பெரும்பாலும் 16 வயதுக்குள் தானே அடங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது அடங்கியிருக்கலாம். ஆனால் வயது வரும்போதே தொடங்கும் வகையும் உண்டு. 1957இல் டீட்டர் யான்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அதை விரிவாக வரைந்து காட்டினார். காலையில் எழுந்தவுடன் கை திடுக்கென்று துள்ளும். காபித் தம்ளர் தெறித்து விழும். பல் துலக்கும் தூரிகை கையிலிருந்து பறக்கும். கவனக்குறைவு என்று வீட்டில் திட்டுவார்கள். தேர்வுக்காக இரவு முழுதும் விழித்துப் படித்த பிறகு பெரிய வலிப்பாகவே வந்துவிடும். இவ்வகை, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குத் திரும்பி வரும். இவனையும் அவனையும் ஒரே பழமொழியால் அளப்பது எவ்வளவு கொடுமை! எவனுக்கு மருந்தை நிறுத்தலாம், எப்போது, எவ்வளவு மெதுவாக நிறுத்தலாம் என்பதை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்துத் தொடர்ந்து உயிருக்கே கேடாகும்.

இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க நரம்பியல் கழகமும் அமெரிக்க வலிப்பு நோய்க் கழகமும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில், வலிப்பு நோயுள்ள பெரியவர்களுள் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் காரணம் விளங்காமல் திடீரென இறப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். சிறுவரிடையே இது 4,500 பேரில் ஒருவர் என்ற அளவே. பெரிய வலிப்புகள் கட்டுக்குள் இல்லாதவர்க்கே ஆபத்து மிகுதி. அதாவது, நாம் கையை விடும் அதே வயதில்தான் ஆபத்து கூடுகிறது. இதனோடு நம் கிணறுகளையும் கண்மாய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீந்தத் தெரிந்த பிள்ளை மூழ்கி இறந்தான் என்று அடக்கச் சடங்குக்கு அழைக்கப்படும்போது, அவன் கடைசியாக எப்போது மாத்திரை உண்டான் என்று எவரும் கேட்பதில்லை.

இனி நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மருத்துவமனையையும் அரசையும் குறைகூறிவிட்டுத் திருச்சபையைத் தப்பவிடுவது நேர்மையாகாது.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 984ஆம் சட்டம், குருத்துவத்திற்குத் தடையுள்ளோரை வரிசைப்படுத்துகிறது. அதில் வலிப்பு நோயாளரும், மனநிலை பிறழ்ந்தோரும், பேய் பிடித்தோரும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றனர். இப்போது அப்படி இருப்போர் மட்டுமல்லர், முன்னொரு காலத்தில் அப்படி இருந்தவருங்கூட. ஒருமுறை விழுந்தவன் என்றும் விழுந்தவனே என்பது அதன் பொருள். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு வலிப்பு நோயாளரை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. அதன் 1041ஆம் சட்டம் மனநோயைப் பற்றிப் பேசும்போதுகூட, வல்லுநரைக் கலந்து, பணியைச் செவ்வனே செய்ய இயலாதவர் என்று தீர்ப்பிட்ட பின்னரே தடை என்கிறது. சட்டம் திருந்தி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. சட்டம் படித்தவர்களுக்கு இது தெரியும். நம் பெண்கள் பணிக்குழுவுக்கோ, பங்குப் பேரவைக்கோ, பிள்ளையைக் குருமடத்திற்கு அனுப்ப ஆசைப்படும் தாய்க்கோ தெரியுமா?

அப்பழைய தடை நடைமுறையில் இருந்த நாளிலேயே அதை மீறி ஒருவர் பீடமேறியிருக்கிறார். இத்தாலியின் செனிகாலியாவில் 1792இல் பிறந்த ஜொவான்னி மரியா மஸ்தாய் பெரெத்தி, விடலைப் பருவத்தில் வலிப்பு நோயால் துன்புற்றவர். படிப்பு தடைப்பட்டது, திருத்தந்தையின் மெய்க்காவலர் படையில் சேர விரும்பியபோது நோயைக் காரணம் காட்டி மறுத்துவிட்டனர். திருத்தந்தை ஏழாம் பயஸ் அவருக்கு விலக்களித்தார். 1819இல் குருவானார், ஆனால் திருப்பலி நிறைவேற்றும்போது வேறொரு குரு உடனிருக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் இடப்பட்ட நிபந்தனை. அவரே பின்னர் ஒன்பதாம் பயஸ் என்னும் பெயரில் 1846 முதல் 1878 வரை திருச்சபையை வழிநடத்தினார். 1854இல் அமல உற்பவக் கோட்பாட்டை அறிவித்தார். முதல் வத்திக்கான் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். 2000இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். அவருடைய அரசியலில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அது வேறு செய்தி. இளைஞனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாமல், உடன் ஒருவர் நின்றால் போதும் என்று ஏழாம் பயஸ் கண்டுகொண்டதே நமக்கு வேண்டிய செய்தி.

மற்றொரு வரலாறு கசப்பானது. அதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் 1952இல் பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அன்னெலீசே மிகேல் என்னும் பெண்ணுக்கு 16ஆம் வயதில் வலிப்பு வந்தது. மருத்துவர்கள் பார்த்தனர், மருந்தும் தந்தனர். அவள் வளர்ந்து பல்கலைக்கழகத்திற்குப் போன பருவத்தில் நோய் மனத்தையும் பாதித்தது. மெல்ல மெல்ல மருத்துவர் பின்னுக்குப் போனார். பேயோட்டும் சடங்கு முன்னுக்கு வந்தது. 1975, 1976ஆம் ஆண்டுகளில் ஆயரின் இசைவோடு 67 முறை அச்சடங்கு நிகழ்த்தப்பட்டது. உணவை மறுத்து, நீர் வற்றி, 1976 சூலை 1 அன்று 23 வயதில் அவள் இறந்தாள். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரு குருக்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அங்கே தீயவர் எவரும் இல்லை. அன்புள்ள பெற்றோர், செபிக்கும் குருக்கள், படித்த சமுதாயம். ஆயினும், சிறுமியாக மருத்துவரிடம் சென்றவள் பெரியவளானபோது மருத்துவரிடம் இல்லை. 1999இல் வெளியான திருத்தப்பட்ட பேயோட்டும் சடங்கு நூல், நோயைப் பேய் என்று எளிதில் நம்பிவிடலாகாது, மருத்துவம் அறிந்தோரைக் கலந்தாக வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டலாகாது என்பது 1172ஆம் சட்டம்.

இவ்வளவும் இருந்தும் நம் செபக்கூட்டங்கள் சிலவற்றில் நடப்பது என்ன? ‘மாத்திரையை விட்டுவிட்டேன்’ என்று ஒலிபெருக்கியில் சொல்வது சாட்சியாகிவிட்டது, கைதட்டலும் கிடைக்கிறது. அச்சாட்சியைச் சொன்ன இளைஞன் மூன்றாம் வாரம் விழுந்து தலையில் தையல் போட்டுக்கொண்டதை எந்த ஒலிபெருக்கியும் சொல்வதில்லை. மாறாக, ‘உன் நம்பிக்கை குறைந்துவிட்டது’ என்று அவன்மேலேயே பழி விழுகிறது. இதைப் பக்தி என்று அழைக்க நாம் மறுக்கிறோம். சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரின் படைப்பு என்று போற்றி, செபத்தையும் மருத்துவத்தையும் அருகருகே வைக்கிறது. பிரிந்த சபையினர் தங்கள் விவிலியத்தில் அந்நூலைச் சேர்ப்பதில்லை. நாம் சேர்த்திருக்கிறோம், சேர்த்து என்ன பயன், படிக்காவிட்டால்?

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இடர் மிக்கது. ‘கல்யாணம் ஆனால் நின்றுவிடும்’ என்று சொல்லி, மறைத்து மணமுடிக்கின்றனர். புகுந்த வீட்டில் மாத்திரையை அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் ஒளித்து வைத்து உண்பாள். பிறகு அதுவும் இயலாது. இதில் பலரும் அறியாத ஆபத்து ஒன்று மருந்திலேயே இருக்கிறது. சோடியம் வால்புரோயேட் என்னும் மருந்து பலவகை வலிப்புக்கு நல்ல மருந்து. சிறுவயதில் பலருக்கும் அதுவே தரப்படுகிறது. ஆனால் கருவுற்ற காலத்தில் அதை உண்டால், பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர்க்கு உறுப்புக் குறைபாடும், நூற்றுக்கு முப்பது நாற்பது பேர்க்கு அறிவு, பேச்சு வளர்ச்சியில் பின்னடைவும் ஏற்படலாம். இதனால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இலும் 2018இலும் இம்மருந்தைப் பெண்களுக்குத் தருவதில் கடும் கட்டுப்பாடு விதித்தது. எட்டு வயதுச் சிறுமிக்கு எழுதிய சீட்டு, இருபத்திரண்டு வயது மணமகளுக்கும் அப்படியே தொடர்வதுதான் நம்மூர் நடப்பு. இடையில் எவரும் அச்சீட்டை எடுத்துப் பார்த்து, ‘இவள் இப்போது குழந்தை அல்லள்’ என்று சொல்லவில்லை. உடனே மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று இதற்குப் பொருளன்று, அது பெருங்கேடு. திருமணப் பேச்சு எழுவதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரைக் கண்டு, மாற்று மருந்து உண்டா, போலிக் அமிலம் எப்போது தொடங்குவது என்று கேட்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்து மருத்துவர்கள் 1998 முதல், வலிப்பு நோயுள்ள கருவுற்ற பெண்களுக்கெனப் பதிவேடு ஒன்றைப் பேணி வருகின்றனர். முறையான கவனிப்பு இருந்தால் இப்பெண்களுள் பெரும்பாலோர் நலமான குழந்தையைப் பெறுகின்றனர். மதுரையிலிருந்து திருவனந்தபுரம் ஓர் இரவுப் பயணம்.

‘சொன்னால் எவன் கட்டுவான்?’ என்று தாய்மார் கேட்கின்றனர். இக்கேள்வியை அலட்சியமாக ஒதுக்க நமக்கு உரிமையில்லை. அந்தத் தாயின் இரவுகளை நாம் கழிக்கவில்லை. நாட்டின் சட்டமே 1976 முதல் 1999 வரை, அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத் தகுதியின்மையாக இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் எழுதி வைத்திருந்தது. அவ்வாறிருக்க, அவள் அஞ்சியதில் வியப்பென்ன? 1999இல் நாடாளுமன்றம் அச்சொல்லை நீக்கிவிட்டது. நம் திருச்சபைச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையே அன்று. ஆனால் 1098ஆம் சட்டம் வேறொன்று சொல்கிறது: மணவாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை, சம்மதத்தைப் பெறுவதற்காக வஞ்சகமாக மறைத்தால் அத்திருமணம் செல்லாது. ஆக, மகளின் வாழ்வைக் காப்பதாக நினைத்து மறைக்கும் தாய், அவ்வாழ்வைக் கலைக்கும் வழக்கிற்குத் தானே சான்று எழுதிக் கொடுக்கிறாள். உண்மையைச் சொல்லி ஓராண்டு காத்திருப்பதா, பொய்யின்மேல் பந்தல் போடுவதா? சொன்னபின் ‘வேண்டாம்’ என்று போகும் மாப்பிள்ளை, சொல்லாமல் கட்டியிருந்தால் அவளுடைய முதல் வலிப்பன்றே போயிருப்பான். அதுவும் தாலி கட்டிய பின்.

மறுபக்க வாதம் ஒன்றுண்டு, அதையும் எதிர்கொள்வோம். ‘பிள்ளைக்கு என்ன தெரியும்? நாங்கள் இருக்கும்வரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்கின்றனர் பெற்றோர். தாயின் கண் எந்த மருத்துவக் கருவியையும்விடக் கூர்மையானது, ஐயமில்லை. ஆனால் அவன் கல்லூரி விடுதியில் இருக்கும்போது அக்கண் அங்கே இல்லை. தாயின் முன்னிலையில் அவன் மருத்துவரிடம் கேட்க முடியாத கேள்விகளும் உண்டு. நண்பர் மது ஊற்றினால் என்னவாகும்? நான் திருமணம் செய்யலாமா? வண்டி ஓட்டலாமா? இந்நாட்டில் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம், வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறது. பிரித்தானியாவில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர் மீண்டும் கார் ஓட்டலாம். நம் நாட்டிலும் அத்தகைய அறிவார்ந்த விதி வேண்டும் என்பது நம் கருத்து. விதி மாறும்வரை, உரிமம் கேட்கும் பதினெட்டு வயதுக்காரனோடு எவரேனும் அமர்ந்து பேச வேண்டாமா? பேசாவிட்டால் அவன் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, மேலூர் சாலையில் பின்னால் தங்கையை ஏற்றிக்கொண்டு போவான். அதனால்தான், பதின்மூன்று வயது முதலே மருத்துவரின் அறையில் சில நிமிடங்கள் தாய் வெளியே அமரட்டும், பிள்ளை தானே பேசட்டும் என்கிறோம். பிரித்தானியாவில் 2016இல் வெளியிட்ட அரசு வழிகாட்டுதல், இந்தக் கைமாற்றத்துக்கான திட்டமிடல் 13 அல்லது 14 வயதிலேயே தொடங்க வேண்டும் என்றும், பெயர் குறித்த ஒரு பொறுப்பாளர் இரு பக்கத்துக்கும் இடையே நிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

மருத்துவர்களிடம் நாம் கேட்பது ஒரே ஒரு தாள். நோயின் வகை, மருந்தின் பெயரும் அளவும், முன்பு தந்து பயனில்லாத மருந்துகள், கடைசி வலிப்பின் நாள், மூளைப் படங்களின் முடிவு ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குழந்தை மருத்துவர் கையொப்பமிட்டு, பிள்ளையின் கையிலேயே தர வேண்டும். இயன்றால் ஒரே ஒருமுறை இரு மருத்துவரும் சேர்ந்து அவனைப் பார்க்கட்டும். அரசிடம் கேட்பது, 18 வயது வரை ஒரே வரிசை. அதன்பின் ஊர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றி மாத்திரை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கில், உலகில் வலிப்பு நோயுள்ளோர் ஏறத்தாழ 5 கோடிப் பேர். முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும். உறுப்பு நாடுகள் 2022 முதல் 2031 வரைக்குமான செயல்திட்டத்துக்கும் ஒப்புதல் தந்துள்ளன. ஆயினும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 21 பிரிவுகளுள் வலிப்பு நோயின் பெயர் இல்லை. மதுரைக்காரருக்கு இயலாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 1976இல் 11 படுக்கைகளோடு இந்நகரில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாமிட்டுப் பார்வையற்றோரைத் தேடிச் சென்றது. கண்ணுக்குச் செய்த ஊர் மூளைக்கும் செய்யலாம்.

பங்கில் செய்ய வேண்டியவை நம் கையிலேயே உள்ளன. உறுதிபூசுதலுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் பருவமும் இக்கைமாற்றத்தின் பருவமும் ஒன்றே. திருமுழுக்கில் பெற்றோர் சொன்ன வாக்கைப் பிள்ளை தன் வாயால் சொல்லும் அருளடையாளம் அது. தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடத் தகுதி பெற்றவன், தன் மாத்திரையின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவனா? மறைக்கல்வி ஆசிரியர்கள் அதே வகுப்பில் இதையும் கேட்கலாம். பிள்ளைகள் முன்னிலையில் வேண்டாம், தனியே. ஜான்டி ரோட்ஸ் என்னும் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரருக்கும் வலிப்பு நோய் உண்டு என்பதைச் சொன்னால், 1992 உலகக் கோப்பையில் அவர் பாய்ந்து குச்சிகளை வீழ்த்திய காட்சியைத் தந்தையர் நினைவுகூர்வர். பிள்ளைகள் கைபேசியில் தேடிப் பார்த்துக்கொள்வர்.

நம் மக்கள் அடிக்கடி ஐயுறும் ஒன்றிரண்டையும் தெளிவுபடுத்திவிடலாம். நற்கருணை வாங்கும் முன் மாத்திரை உண்டால் நோன்பு முறியுமா என்று கேட்டுக் காலை மாத்திரையைத் தள்ளிப்போடுவோர் இன்றும் உள்ளனர். முறியாது. நற்கருணைக்கு முந்திய ஒருமணி நேர நோன்பில் நீரும் மருந்தும் விலக்கு என்று 919ஆம் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. 18 வயது நிறைந்ததும் திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் உண்ணா நோன்புக் கடமை தொடங்குகிறது. நோயாளரை அது கட்டாது. பட்டினியும் தூக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும். எனவே கிறித்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கும், வேளாங்கண்ணிக்கு இரவெல்லாம் நடக்கும் பாதயாத்திரைக்கும் இப்பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். பகல் திருப்பலிக்கு வரட்டும்.

நவம்பர் 17 நம் நாட்டில் தேசிய வலிப்பு நோய் நாள். அவ்வாரத்து அன்பியக் கூட்டங்களில் செபமாலைக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறோம்: விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தல், தலைக்கடியில் துண்டு மடித்து வைத்தல், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துதல், வாயில் கரண்டியோ விரலோ நீரோ எதையும் திணியாதிருத்தல், கையை முறுக்கிப் பிடிக்காதிருத்தல், இரும்பைத் தேடி ஓடுவதற்குப் பதிலாகக் கடிகாரத்தைப் பார்த்தல், 5 நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் 108ஐ அழைத்தல்.